யாரு கை வெச்சா?

எங்கள் வீட்டில் பால் தானாகப் பொங்கி வழிந்ததே கிடையாது. யாராவது பொங்கவிட்டிருப்பார்கள். மிக்ஸி தானாகக் கெட்டதில்லை, குடை தானாகக் கிழிந்ததில்லை, கடிகாரம் தானாக நின்றதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் யாரென்று தெரிகிறவரை என் மாமனாருக்குக் காபி இறங்காது.

“யாரு கை வெச்சா?” என்பதுதான் அவர் கேள்வி. கத்திக் கேட்பார் என்று நினைத்துவிடக் கூடாது. கத்தினால்கூடத் தேவலையே என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சாவதானமாக, பதில் வரும்வரை காத்திருக்கத் தயார் என்கிற மாதிரி கேட்பார். வேலை பார்த்த காலமெல்லாம் தணிக்கைத் துறையில் இருந்தவர். ஊர் ஊராகப் போய், அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடித்துவிட்டு வருவதற்காகவே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டுக்குள் அதே உத்தியோகத்தைத் தொடர்ந்தார்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். அவர் வாயிலிருந்து கேள்வி வந்து முடிவதற்குள் சமையலறையிலிருந்து மாமியார் “நான்தான்னா” என்று குரல் கொடுத்துவிடுவார். என்ன உடைந்தது, என்ன தொலைந்தது என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நீங்கள் செய்யாததை எதற்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் அரிசி களைந்துகொண்டே சொன்னார்: “யாராவது ஒத்துண்டாத்தான் அவருக்கு அடுத்த வேலை ஓடும். நான் ஒத்துண்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடறது. ஆனா நீ ஒத்துக்காதே. பழகிடும்.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் எங்களுக்குள் அவ்வப்போது முட்டிக்கொள்ளும். ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் கொழுக்கட்டையாய் வீங்கிவிட்டது. வாசலில் நின்று அவர் கேட்ட முதல் வார்த்தை, சோப்புத் தண்ணீரை அலம்பாமல் விட்டது யார் என்பதுதான். கால் போகட்டும், முதலில் குற்றவாளி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட நின்றுவிட்டது. ஆனால் அதே மனிதர்தான் ஆட்டோ பிடித்து வந்து, என் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, டாக்டர் வீட்டு வாசலில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்த எனக்கு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, வெள்ளை நாரெல்லாம் பிய்த்துப்போட்டு, சுளை சுளையாகத் தட்டில் வைத்தார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்ல வந்தால் அந்தச் சுளைகள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

கை சும்மா இருக்காது அவருக்கு. ஓய்வு பெற்ற சூட்டோடு மரவேலையில் இறங்கிவிட்டார். முதலில் கைரம்பம், உளி, இழைப்புளி. பிறகு ஒருநாள் பாரிமுனைக்குப் போய் ஒரு மேசை ரம்பத்தையே குட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரும்பு மேசை, அதன் நடுவில் ஒரு பிளவு, அதிலிருந்து வட்டமான பிளேடு தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது அது ஒதுங்கி ஓடாமல் ஒட்டியபடி போவதற்குப் பிளேடுக்குப் பக்கத்தில் ஒரு நீளச் சட்டம் உண்டு. அதை அவர் ஃபென்ஸ் என்பார். மேசையின் முன்விளிம்பில் ஓர் இரும்புப் பட்டை ஓடும். அதன்மேல் ஃபென்ஸை வேண்டிய அகலத்துக்கு நகர்த்திக் கைப்பிடியை அழுத்தினால், பட்டையைக் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளி முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு நூல் குறுகினாலும் பலகை இடுக்கில் மாட்டிக் கருகும். ரொம்பவும் இறுகிவிட்டால், தள்ளுகிறவர் பக்கமே திரும்பிப் பாயும். இதையெல்லாம் நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே இருப்பார், ரசம் ஆறுகிறவரை.

தினமும் காலையில் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்னால் ஸ்கேலை வைத்துப் பிளேடின் முன்பல்லில் ஒரு தடவை, பின்பல்லில் ஒரு தடவை இடைவெளியைப் பார்ப்பார். துளி வித்தியாசம் இருந்துவிட்டால் போதும், கேள்வி கிளம்பிவிடும். ரம்பம் நின்றது கீழே கார் நிறுத்துகிற இடமாதலால் சந்தேகப்பட ஆளுக்குப் பஞ்சமில்லை. வாட்ச்மேன், மூன்றாவது மாடி டிரைவர், கொசு மருந்து அடிக்க வரும் மாநகராட்சி ஆள், எல்லோருமே ஒரு தடவையாவது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

ரம்பம் நின்ற இடம் எங்களுடையதல்ல. எங்கள் இடத்தில் எங்கள் கார் நின்றது. ரம்பம் நின்றது எதிர்வீட்டு சாருக்கு ஒதுக்கிய இடத்தில். எதிர்வீட்டு சார் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்து ஓய்வு பெற்றவர். சாந்தோம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த கத்தோலிக்கக் குடும்பம். அவரிடம் ஒரு ஸ்கூட்டர்தான். கார் இடம் காலியாகத்தானே கிடக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். மாமனார் இவரை சார் என்பார், இவரும் அவரை சார் என்பார். சாயங்காலமானால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ரம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்பார். யார் பேசுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மரத்தூளைக் காலையில் பெருக்கித் தள்ளுவதும் எதிர்வீட்டு சார்தான். தன் இடம், தானே பெருக்கிக்கொள்கிறேன் என்பார். எங்கள் வீட்டுக் குப்பையை அவர் பெருக்குகிறாரே என்று எனக்கு உறுத்தும். மாமனாருக்கு உறுத்தவில்லை. பெருக்கும்போது துடைப்பம் ஃபென்ஸில் பட்டுவிடக் கூடாது என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

சாரின் மனைவியை நான் ஆன்ட்டி என்பேன். தெருவில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். என் கழுத்துக்கு எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று என் அம்மாவுக்குத் தெரியாது, ஆன்ட்டிக்குத் தெரியும். அந்த வருஷத் தொடக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். கல்லறைக்குக் கல் கட்ட நாள் பிடிக்கும், அதுவரைக்கும் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை வைக்கலாம் என்று சார் நினைத்தார். கல்லறைத் திருநாளுக்குள் வைத்துவிட வேண்டும். நவம்பர் பிறந்ததும் வருகிற அந்த நாளில் எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆன்ட்டிக்கு அது முதல் திருநாள்.

மரம் வீட்டிலேயே இருந்தது. ஆன்ட்டியின் தையல் மேசைப் பலகை. நல்ல தேக்கு, அவர் கை பட்டுப் பட்டு வழவழத்துப்போனது. மெஷின் உட்காருவதற்காக நடுவில் பெரிதாக வெட்டியிருந்ததால், சிலுவையின் நெடுக்குக்கு வேண்டிய நீளம் பலகையின் ஒரே ஓரத்தில்தான் தேறும். ஒன்றே ஒன்று. அது போனால் போனதுதான். குறுக்குக் கட்டைக்கு ஒரு துண்டு எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளலாம்.

நானே செய்து தருகிறேன், கடையில் வாங்காதீர்கள் என்று மாமனார்தான் முன்வந்தார். அதை அவர் பிரியத்தோடுதான் சொன்னார். நாள்கணக்காக அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தடவிப் பார்த்தார். உடனே அறுத்திருக்கலாம். நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. ஆயுத பூஜையில் ரம்பத்தைப் படைத்துவிட்டு, விஜயதசமியன்று முதல் வேலையாக ஆன்ட்டியின் பலகையை அறுப்பது என்று முடிவு செய்தார். நல்ல காரியம், நல்ல நாளில் தொடங்கட்டும் என்றார். எதிர்வீட்டு சாருக்கும் அது பிடித்திருந்தது.

ஆயுத பூஜையன்று ரம்பத்துக்கு நடந்த உபசாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் நடந்ததில்லை. ஃபென்ஸைக் கழற்றி, மேசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார். மாமியார் வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி, இட்டவர் மாமனார்தான். வேறு யார் கையும் ரம்பத்தின் மேல் படக் கூடாது. முன்பட்டை நெடுக, இடைவெளி பிசகாமல், கெட்டியான சந்தனப் பொட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். பிறகு ஃபென்ஸைத் தூக்கிப் பட்டையின் மேல் பொருத்திக் கைப்பிடியை அழுத்தினார். கற்பூரம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மறுநாள் கொலுவுக்கு மாமனாரின் தங்கை குடும்பம் வந்திருந்தது. பழைய அலுவலக நண்பர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சுண்டல் சாப்பிட்ட கையோடு எல்லோரையும் கீழே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ரம்பத்தைக் காட்ட வேண்டும், அறுப்பதைக் காட்ட வேண்டும். எதிர்வீட்டு சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அறுபட்டு வருகிற முனையைத் தாங்கிப் பிடிக்க மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

தினமும் முன்பல், பின்பல் என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கிற மனிதர் அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. படைத்த ரம்பத்தைச் சோதிப்பதாவது என்று விட்டுவிட்டார். அகலத்தைப் பட்டையில் ஒட்டியிருந்த அளவுநாடாவில் பார்த்து ஃபென்ஸை நகர்த்தினார், அழுத்தினார், சுவிட்சைப் போட்டார்.

பாதிப் பலகை நன்றாகப் போயிற்று. அப்புறம் கருகல் வாசனை வந்தது. புகை வந்தது. பிளேடு வீறிட்டது. மாமனார் விடாமல் தள்ளினார். அடுத்த கணம் பலகை அவர் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் பாய்ந்து எங்கள் கார்க் கதவில் மோதி விழுந்தது. யாரோ சுவிட்சை அணைத்தார்கள். கீழே கிடந்த பலகையின் விளிம்பு நெடுகக் கறுத்திருந்தது. அறுபட்ட பட்டை போகப் போகக் குறுகி, முனையில் நீளமாகப் பிளந்திருந்தது. நெடுக்குக்கு இருந்த ஒரே நீளம் அதுதான்.

மாமனாரின் முகம் வெளிறிவிட்டது. யாருக்காவது பட்டதா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்கேலை எடுத்து முன்பல்லில் வைத்தார், பின்பல்லில் வைத்தார். பின்பக்கம் குறுகியிருந்தது.

“யாரு கை வெச்சா?”

மாமியார் மாடியில் இருந்தார். கீழே இருந்திருந்தால், நான்தான்னா என்று சொல்லி அந்த நாளைக் காப்பாற்றியிருப்பார்.

“காத்தால பெருக்கினேளா, சார்?”

“பெருக்குனேன், சார்.”

“அப்போ இடிச்சிருக்கேள். அதோட, அந்தப் பக்கம் நின்னுண்டு இழுத்திருக்கேள். தாங்கிண்டா போறும், இழுக்கப்படாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

அவ்வளவு பேருக்கு முன்னால், அவ்வளவு நிதானமாக. எதிர்வீட்டு சார் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டார். உண்மையாகவே யோசித்தார். எனக்கு இன்றைக்கும் பொறுக்காதது அதுதான். சும்மா சமாதானத்துக்காக அவர் தலையாட்டவில்லை. காலையில் பெருக்கியதை, இப்போது பிடித்திருந்ததை, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டு, “இருக்கும், சார். பட்டிருக்கும். மன்னிச்சிடுங்க” என்றார். குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கி, அதே துணியில் சுற்றிக்கொண்டு படியேறிப் போனார். மாமனாரின் தங்கை, யார் இவர், எதற்கு இவரையெல்லாம் கூட வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கவே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே மாமனார் ஃபென்ஸின் தலைப்பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தி, தட்டித் தட்டி, முன்னும் பின்னும் ஒன்றாக வருகிறவரை சரிசெய்து முறுக்கினார். இரவுச் சாப்பாட்டில் நிம்மதியாக இருந்தார். தப்பு செய்த ஆள் கிடைத்தாயிற்று, மெஷினும் சரியாயிற்று. அவர் உலகத்தில் வேறென்ன பாக்கி?

ஒரு வாரம் கழித்து, அலுவலகத்துக்குக் கிளம்பிக் கீழே வந்தேன். மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஃபென்ஸ் கழற்றப்பட்டு அவர் மடியில் குப்புறக் கிடந்தது. பட்டையைக் கவ்வுகிற இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்ன அப்பா என்று கேட்டேன். விளக்கம் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது, சொன்னார். இன்றைக்குச் சோதித்தால் ஃபென்ஸ் எதிர்ப்பக்கமாகக் கோணியிருக்கிறது, பின்பக்கம் அகன்றுவிட்டது. ஏனென்று கழற்றிப் பார்த்தால், கவ்வுகிற இரண்டு முனைகளில் ஒன்றின் அடியில் காய்ந்துபோன சந்தனம். பொட்டின் மேலேயே ஃபென்ஸைப் பொருத்திவிட்டபடியால் ஒரு முனை எம்பிக்கொண்டு, மொத்தச் சட்டமும் சாய்ந்திருக்கிறது. விஜயதசமியன்று கோணல் அதனால்தான். அது தெரியாமல், கோணலுக்குத் தக்கபடி போல்ட்டைத் திருகியாயிற்று. இப்போது ரம்பத்தின் அதிர்வில் சந்தனம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, அதனால் மறுபக்கம் போய்விட்டது. 

ஏதோ ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவர் செய்த தப்பை விவரிக்கிற குரலில்தான் ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே வந்தவர், சந்தனம் என்ற சொல்லுக்கு வந்ததும் தடுமாறினார். கடைசி வாக்கியத்தை முடிக்கவில்லை. நகத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்ததை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் யாரையும் எதையும் கேட்கவில்லை.

“சார்கிட்ட சொல்லிடுங்கோப்பா” என்றேன்.

“சொல்றேன்” என்றார்.

சொல்லவில்லை. பிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார், கரண்டு ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். இன்னொரு நாள் கதவு வரைக்கும் போய்விட்டு, அவர் தூங்குகிறார் போலிருக்கிறது என்று திரும்பினார். தீபாவளிக்கு எதிர்வீட்டுக்குக் கொடுக்கிற பட்சணத்தைத் தானே பார்த்துப் பார்த்து அடுக்கினார். அதிரசம் மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். “அவருக்கு அதிரசம் பத்தலைன்னா சொன்னார்?” என்று மட்டும் கேட்டார். மாமனார் டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தானே கொண்டுபோய்க் கொடுக்க அவருக்குத் துணிவில்லை. சார் அதை வாங்கிக்கொண்டு, இவ்வளவு எதுக்கும்மா, நான் ஒண்டி ஆள்தானே என்றார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஏன் இவ்வளவு நாள் இழுத்தடிக்கிறார் என்று நான் என் கணவரிடம் பொருமினேன். அப்பாவுக்கு அந்த வார்த்தைகள் பழக்கமில்லை, அவகாசம் கொடு என்றார் அவர். எழுபது வயதில் ஒருவருக்கு எவ்வளவு அவகாசம் கொடுப்பது? வீட்டில் கேள்வி நின்றுபோயிருந்தது. பால் பொங்கிற்று, அவர் பேசவில்லை. என் மகன் அவருடைய மூக்குக்கண்ணாடியை உட்கார்ந்தே நசுக்கினான், அவர் பேசவில்லை. அந்தக் கேள்வி இல்லாத வீட்டில் எனக்கு நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருக்கும் ஒவ்வொரு தடவையும், எதிர்வீட்டில் ஒருவர் இன்னும் குற்றவாளியாகவே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் நினைவுக்கு வரும்.

அக்டோபர் கடைசியில், மந்தைவெளி மார்க்கெட் பக்கம் எதிர்வீட்டு சார் இரண்டு கையிலும் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். ஸ்கூட்டர் ரிப்பேரா என்று கேட்டேன். இல்லையம்மா, எடுப்பதில்லை என்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சங்கடமாகச் சிரித்தார்.

“கைய நம்ப முடியல, மா. என்ன செய்யிறோம்னே தெரியாம எதையாவது இடிச்சிடுறேன் போல. கோயில்லயும் ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன், நன்மை குடுக்க வேற ஆளப் பாத்துக்குங்கன்னு. கை தவறிக் கீழ விழுந்துட்டா?”

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதருக்குப் பக்கத்தில் நின்று, வரிசையில் வருகிறவர்களுக்கு நன்மை என்கிற புனித அப்பத்தைக் கொடுக்கிற பொறுப்பு அவருடையது. பல வருஷமாகச் செய்துவருகிறார். அதற்காகவே அந்த ஒரு நாள் மட்டும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொள்வார் என்று ஆன்ட்டி கேலி செய்திருக்கிறார். அதை விட்டுவிட்டாராம். பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை என்னிடம் நீட்டிக் காட்டினார். அவை நடுங்கவேயில்லை. உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அதை மாமனாரின் வாயிலிருந்துதான் அவர் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன்.

வீட்டுக்கு வந்து, மாமனார் சாப்பிட உட்கார்ந்ததும் அப்படியே சொன்னேன். ஸ்கூட்டரைச் சொன்னேன், நன்மையைச் சொன்னேன், நீட்டிய கையைச் சொன்னேன். சாப்பிடும்போது சொல்லியிருக்க வேண்டாம்தான். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் பிசைந்த சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்க் கை அலம்பினார்.

அதற்குப் பிறகு மாமனார் சில வருஷம் இருந்தார். போன வருஷம்தான் போனார். அந்தச் சில வருஷத்தில் ரம்பம் பெருங்குடிப் பக்கம் ஒரு தச்சருக்குப் போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் மொட்டை மாடிக்குப் போயின. எதிர்வீட்டு சார் மறுபடி கோயிலில் நன்மை கொடுக்க ஆரம்பித்தார், ஸ்கூட்டரையும் எடுத்தார். மாமனாரைப் பார்த்தால் குட்மார்னிங் சார் என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒரு குட்மார்னிங்குக்காக மாமனார் காலையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு மாடிப்படி ஓரம் நிற்பார். வீட்டில் ஏதாவது பொங்கினாலோ கொட்டினாலோ துணியை எடுத்துக்கொண்டு வந்து தானே துடைத்துவிட்டுப் போவார். வேண்டாம்ப்பா, நான் துடைக்கிறேன் என்றால் கேட்க மாட்டார். அதைப் பார்க்க எங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும். உறவுக்காரர்கள், மனுஷர் வயசானதும் எவ்வளவு சாந்தமாகிவிட்டார் என்று ஆச்சரியப்பட்டார்கள். நாங்கள் யாரும் மறுத்துச் சொன்னதில்லை.

அதெல்லாம் பிறகு; அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் மாமனார் என்னைக் கூப்பிட்டார். கீழே போகிறேன், நீயும் வா என்றார். எதற்கு நான் என்று கேட்கவில்லை. தனியாகப் போனால் மறுபடி காபியைப் பற்றியோ கரண்டைப் பற்றியோ பேசிவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எதிர்வீட்டு சார் கார் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் ஒரு சிலுவை சாய்ந்திருந்தது. கடையில் வாங்கியது. இரும்புக் குழாயில் வெள்ளிப் பூச்சு அடித்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

மாமனார் நின்றபடியே சொன்னார். எதையும் மழுப்பவில்லை.

“சார், அன்னிக்கு ஃபென்ஸ் கோணினது உங்களால இல்லை. நீங்க இடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நான் இட்ட சந்தனம் அடியில மாட்டிண்டு, அதனால கோணிடுத்து. அத்தனை பேருக்கு முன்னாடி உங்களைச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது.”

எதிர்வீட்டு சார் ரம்பத்தைப் பார்த்தார், ஃபென்ஸைப் பார்த்தார். ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு அது புரியாமலில்லை. அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அவர் அதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

“எப்ப தெரிஞ்சுது, சார்?”

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மாமனாருக்குப் பொய் வராது.

“அடுத்த வாரமே தெரிஞ்சுடுத்து.”

“தீபாவளிக்கு முன்னாடியா?”

“ஆமாம்.”

“அதிரசம் குடுத்து அனுப்புனீங்களே. அப்ப தெரியும்?”

“தெரியும்.”

சார் தலையை ஆட்டிக்கொண்டார். குனிந்து வாளியில் கிடந்த குச்சியை எடுத்து ஒரு தடவை கலக்கினார், பிறகு நிறுத்தினார்.

“தினமும் அவ படத்துக்கு முன்னாடி நின்னு மன்னிப்பு கேட்டுக்கிட்டிருந்தேன், சார். உன் மேசையையும் கெடுத்துட்டேன், உன் சிலுவையையும் கெடுத்துட்டேன்னு. நேத்திக்குக்கூடக் கேட்டேன்.”

நாளைக்குத் தானும் கூட வரட்டுமா, கல்லறையில் ஆன்ட்டியிடம் தானே சொல்லிவிடுகிறேன் என்று மாமனார் கேட்டார். சுடுகாட்டுப் பக்கம் போனால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் நுழையாதவர், கேட்டார்.

“வேணாம், சார்” என்றார் எதிர்வீட்டு சார்.

சிலுவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாளியை மறு கையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் போவதற்கு வழிவிட்டு மாமனார் சுவரோரமாக ஒதுங்கினார். கேட் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும் அங்கேயே, சுவரோடு ஒட்டியபடியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மேலே ஏறிவிட்டேன்.